என் பால்கனி, கீழ்வீட்டுக் கூரை

கீழ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் காலை செய்தித்தாளில் எதையோ பொதிந்து எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். பிரித்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு கான்கிரீட் சில்லு. ஒரு பக்கம் முழுக்கத் துரு. "துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் தம்பி, தோளை உரசிக்கொண்டு விழுந்தது" என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் குடியிருப்பு. 1994இல் கட்டியது, பன்னிரண்டு வீடுகள். நான் இரண்டாம் மாடி. என் பால்கனியின் அடிப்பக்கம்தான் பெரியவர் பால்கனியின் கூரை. அதில் பல வருடங்களாக ஓதம். மழைக்காலம் முடிந்ததும் சங்கம் ஒரு கொத்தனாரை அழைக்கும். அவர் உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசியில் அதே இடம் மறுபடி உப்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த பிறகு, உப்பியது விழுந்தேவிட்டது.

இந்த முறை கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். சிறிய சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'ணங்' என்றது, மற்ற இடங்களில் 'பொத்' என்றது. பாதிக்கு மேல் 'பொத்'தான். பிறகு, "மேலே போய்ப் பார்க்கலாமா?" என்றார். அதுவரை மேலே வந்து பார்த்தவர் யாருமில்லை.

அறையின் தளத்துக்கு நான்கு பக்கமும் தாங்கல் உண்டு, அதன் நடுப்பகுதியில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். பால்கனி அப்படியில்லை, நீட்டிய கை மாதிரி. பாரம் ஏறும்போது இழுபடுவது அதன் மேற்பக்கம், அதனால் உயிர்நாடியான கம்பிகள் மேலேதான் இருக்கும். அங்கே தண்ணீர் இறங்கித் துரு பிடித்தால், இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்காற்றின் உப்பு அதற்கு உரம். இத்தனை வருடம் நாங்கள் பூசியதெல்லாம் அடிப்பக்கத்தில்.

மேலே இருந்தது என் கைங்கரியம். 2016இல் பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தேன். தூசி இருக்காது, ஒரே நாளில் முடிந்துவிடும் என்று மேஸ்திரி சொன்னது இனித்தது. அதில் தரையின் சரிவு, அதாவது வாட்டம், போய்விட்டது, தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடாமல் மூலையில் தேங்கியது. போதாததற்குப் பதினான்கு மண் தொட்டிகள். பொறியாளர் சொன்ன முதல் வேலை, அன்றைக்கே தொட்டிகளை உள்ளே எடுப்பது. இரண்டாவது, முட்டுக் கொடுப்பது. என் பாரத்தைக் கீழ்வீட்டுப் பால்கனி தலையில் இறக்கக் கூடாது, முட்டு தரைவரை போக வேண்டும் என்றார். ஆகவே தரைத்தளத்து வீட்டு வாசலிலும் இரும்பு ஜாக்கிகள் முளைத்தன.

யார் பணம் கொடுப்பது என்பதற்கு மூன்று கூட்டங்கள். தரைத்தளத்துக்காரர், "எனக்குப் பால்கனியே கிடையாது" என்றார். அவர் நியாயம் அவருக்கு. கடைசியில் கம்பியும் கான்கிரீட்டும் கட்டடத்தின் உடம்பு, அது சங்கத்தின் வைப்புநிதியிலிருந்து. நீர்க்காப்புப் பூச்சும் டைல்ஸும் என் செலவு என்று முடிவானது. பெரியவர் வீட்டுப் பெயின்ட்டை நானாக ஏற்றுக்கொண்டேன். மூன்று ஒப்பந்தக்காரர்கள் விலை கொடுத்தார்கள். மிகக் குறைந்த விலைக்காரர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்! வேலை வாரியாக அளவும் விலையும் எழுதிக் கொடுத்தவரிடமே ஒப்படைத்தோம்.

உடைக்க உடைக்கத்தான் விவரம் தெரிந்தது. டைல்ஸ், சிமென்ட், அதன் கீழே பழைய மொசைக், அதன் கீழே ஈரமான ஜல்லிக் கலவை. கம்பிகள் சில இடங்களில் பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்திருந்தன. அதோடு, கான்கிரீட் போட்ட அன்றே ஆட்கள் மிதித்ததால் சில கம்பிகள் மேலிருந்து நடுவுக்கு இறங்கிவிட்டிருந்தன. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை என்று ஓர் அற்ப ஆறுதல். மேல்கம்பிகள் சுவரோடு நிற்பதில்லை, வீட்டுக்குள் தளத்திலும் நீண்டிருக்கும். புதுக் கம்பியை அவற்றோடு சேர்த்துக் கட்டுவதற்காகக் கூடத்தின் தரையும் நாலடிக்கு உடைபட்டது. பால்கனி வேலை என்றால் பால்கனியோடு போகும் என்று நினைத்திருந்தேன். சோபாவை ஒரு மாதம் சமையலறை வாசலில் தாண்டிக்கொண்டிருந்தோம்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பொடி ஜல்லி கலந்து இளகி ஓடும் மைக்ரோ கான்கிரீட் ஊற்றினார்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு. பிறகு சுவரில் ஓரடி உயரம்வரை நீர்க்காப்புப் பூச்சு, குழாயை நோக்கிச் சரியான வாட்டம், அடிவிளிம்பில் தண்ணீர் உள்ளே ஊராமல் சொட்டுவதற்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம். டைல்ஸ் போடும் முன் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்தோம். பெரியவர் ராத்திரி எழுந்துகூட டார்ச் அடித்துப் பார்த்தாராம். ஒரு சொட்டு இல்லை. 28 நாள் கழித்து, வெளி முனையிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக முட்டுகளை எடுத்தார்கள்.

தொட்டிகளில் துளசி மட்டும் திரும்ப வந்தது. மற்றவற்றை மொட்டைமாடியில் வைக்கலாமா என்று கேட்டேன், சங்கத்தில் யாரும் பதில்கூடச் சொல்லவில்லை.

நேற்று காவலாளி ஒரு செய்தி சொன்னார். மூன்றாம் மாடிக்காரர் தம் பால்கனியில் பழைய தரையின்மேலேயே புது டைல்ஸ் ஒட்ட ஆள் பேசியிருக்கிறாராம். அவர் பால்கனியின் அடிப்பக்கம் என் கூரை. இன்று மாலை மேலே போகிறேன்.