மக்ரோபேஜும் எம்சிஎஃப்-7 கலமும்: திருகோணமலையில் வளர்த்துப் பார்த்த வழி

கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலமான மக்ரோபேஜ் புற்றுநோய்க் கலத்தைத் தின்னும். அதே மக்ரோபேஜ் அதற்குத் தீனியும் போடும். மார்புப் புற்றுநோய்க் கட்டி சுரக்கும் சிஎஸ்எஃப்-1 என்ற சைகைப் புரதம் மக்ரோபேஜை இழுத்து வைத்துக்கொள்ள, மக்ரோபேஜ் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து கட்டியை வளர்க்கிறது. இந்த இரண்டு முகத்தையும் வளர்ப்புத் தட்டில் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. எங்களை அலைக்கழித்தது புற்றுநோய்க் கலமல்ல, மக்ரோபேஜைத் தயார்செய்யும் படிகள்தான்.

கலங்கள் இரண்டு வகை: ரிஎச்பி-1 மொனோசைட் (மக்ரோபேஜாக மாறக்கூடிய வெண்குருதிக் கலம்), எம்சிஎஃப்-7 மார்புப் புற்றுநோய்க் கலம். உறைந்த கலங்கள் கொண்ட சிறு குப்பிகள் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் உலர்பனியில் வந்தன. வந்ததும் 37 பாகை நீர்த்தொட்டியில் இரண்டு நிமிடத்துக்குள் உருக்கி, கடுகளவு பனி மிஞ்சும்போதே எடுத்து, கலங்களை வளர்க்கும் சத்துத் திரவமான ஊடகத்தில் சேர்க்க வேண்டும். ரிஎச்பி-1ஐ ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில், 10 வீதம் சீரத்துடன், மில்லிலீற்றருக்கு 2 முதல் 8 இலட்சம் கலங்களுக்குள் வைத்திருந்தோம். 10 இலட்சத்தைத் தாண்ட விட்டால் பிறகு ஒழுங்காக மாறாது.

அடுத்தது பிஎம்ஏ, மொனோசைட்டை மக்ரோபேஜாக மாற்றும் இரசாயனம். ஆறு குழித் தட்டில் குழிக்கு 10 இலட்சம் கலங்கள், 2 மில்லிலீற்றர் ஊடகம், மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம் பிஎம்ஏ, 48 மணி நேரம். உருண்டையாக மிதந்தவை அடியில் ஒட்டித் தட்டையாகி, ஓரங்களில் சிறு கால்களை நீட்டும். தட்டை மெல்ல ஆட்டிப் பார்த்தால் அசையாது. அதன்பின் மூன்று முறை கழுவி, பிஎம்ஏ இல்லாத ஊடகத்தில் 72 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். மிச்சமிருக்கும் பிஎம்ஏ தானாகவே எம்சிஎஃப்-7இன் வளர்ச்சியைத் தடுக்கும். பார்ப்பவருக்கு மக்ரோபேஜ் அடக்கியதுபோலத் தெரியும். ஆகவே கலமே இல்லாத ஒரு குழியிலும் பிஎம்ஏ இட்டு, அதே மாதிரிக் கழுவி, அந்த ஊடகத்தையும் எம்சிஎஃப்-7 மேல் ஊற்றிப் பாருங்கள். அங்கேயும் வளர்ச்சி குறைந்தால் கழுவியது போதவில்லை.

மக்ரோபேஜைக் கட்டியைத் தாக்கும் எம்1 பக்கம் திருப்ப 100 நனோகிராம் எல்பிஎஸ் (பக்ரீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள்), 20 நனோகிராம் இன்டர்பெரோன் காமா என்ற சைகைப் புரதம். கட்டிக்கு உதவும் எம்2 பக்கம் திருப்ப இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற சைகைப் புரதங்கள் தலா 20 நனோகிராம். எல்லாம் மில்லிலீற்றருக்கு; 24 மணி நேரம். மறுபடியும் கழுவி, சீரமில்லாப் புது ஊடகத்தில் 24 மணி நேரம் விட்டு, அந்த ஊடகத்தைச் சேகரித்து, 500 ஜியில் (புவியீர்ப்பின் 500 மடங்கு விசையில்) பத்து நிமிடம் சுழற்றி, 0.22 மைக்ரோன் வடிகட்டியில் வடித்து, மறை 80 பாகையில் வைத்தோம்.

எம்2 குழிகளிலும் எம்1இன் அடையாளமான ரிஎன்எஃப் ஆல்ஃபா கூடினால் முதலில் கண்ணாடிப் பாத்திரங்களைச் சந்தேகியுங்கள். 121 பாகை ஓட்டோகிளேவ் பக்ரீரியாவைக் கொல்லும், அதன் எண்டொடொக்சினை (அதே எல்பிஎஸ்) அழிக்காது. கண்ணாடியை 250 பாகை உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தால்தான் போகும்.

மின்சாரம் நின்றால் இன்கியுபேற்றர் கதவைத் திறக்கவே கூடாது. காபனீரொட்சைட்டு வெளியேறினால் செம்மஞ்சள் கலந்த சிவப்பாக இருந்த ஊடகம் நாவற்பழச் சாறு நிறத்துக்குப் போகும். காரத்தன்மை ஏறிவிட்டது என்று அர்த்தம். கச்சான் காலத்தில் அறைச் சூடுதான் தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் வரும். ஈரப்பதத் தட்டின் நீரைக் கிழமைக்கொருமுறை மாற்றி, அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கடைசியில் எம்ரிரி, உயிருள்ள கலங்கள் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 எம்சிஎஃப்-7. சேகரித்த ஊடகத்தைப் புதியதுடன் சரிபாதி கலக்க வேண்டும்; தனியாக ஊற்றினால் சத்துக் குறைவே கலத்தை வாட்டிவிடும். ஓரக் குழிகள் வற்றும், அவற்றில் உப்புக்கரைசல் மட்டும். 48 மணி கழித்து மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எம்ரிரி, நான்கு மணி நேரம், ஊதாப் பளிங்குகளை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 570 நனோமீற்றரில் அளவிட வேண்டும். இரு கலங்களையும் ஒரே குழியில் கலந்து வளர்த்தால் இது உதவாது, மக்ரோபேஜும் சாயத்தை மாற்றும். சேர்த்து வளர்ப்பதானால் 0.4 மைக்ரோன் துளையுள்ள ட்ரான்ஸ்வெல் செருகியைப் போடுங்கள். சுரப்புகள் கடக்கும், கலங்கள் கடக்கா.

எம்ரிரி குறைந்தால் கலம் இறந்ததா, வளர்ச்சி மட்டும் நின்றதா என்று தெரியாது. பலரும் உடனே, கலம் தன்னைத்தானே அழிக்கும்போது செயற்படும் காஸ்பேஸ்-3 நொதியைப் பார்க்கப் போவார்கள். எம்சிஎஃப்-7இல் வேலை செய்யும் காஸ்பேஸ்-3 கிடையாது. இறந்துகொண்டிருந்தாலும் அது பூச்சியம்தான் காட்டும். இறக்கும் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்சின்-5 சாயமிட்டு எண்ணுங்கள்.