ஷெவெல்லுக்கு மூணு பழைய கேஜ்

என்னோடது 69 மாடல் ஷெவ்ரலே ஷெவெல் கார், 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். அவ்ளோ பெரிய இன்ஜினை வெச்சுட்டு டேஷ்போர்டுல ஸ்பீடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும்தான், ஆயிலுக்கும் சூட்டுக்கும் வெறும் சிவப்பு லைட்டு. இங்க அமெரிக்காவுல அதுக்குப் பேரே இடியட் லைட். அது எரியும்போது பிரஷர் ஏற்கனவே போயிருக்கும், அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

அதனால ஸ்வாப் மீட்ல, அதாவது பழைய கார் பாகம் விக்கிற சந்தையில தேடி, அந்தக் காலத்து ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி கேஜ் (முள்ளு வெச்ச மீட்டர்) மூணு வாங்கினேன், டேஷுக்குக் கீழ மாட்டுற இரும்பு பேனலோட. ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் ரெண்டும் மெக்கானிக்கல், கரண்டே வேண்டாம். டெம்பரேச்சர் கேஜ்ல ஒரு மெல்லிசு குழாய், நுனியில சூட்டை உணர்ற உலோகக் குமிழ் (பல்புன்னு சொல்லுவாங்க, லைட் பல்பு இல்ல), உள்ள சீக்கிரம் ஆவியாகுற ஈதர் திரவம். சூடானா ஆவி அழுத்தம் ஏறி முள்ளைத் தள்ளும். குழாயை வெட்டவோ கழட்டவோ முடியாது, ஒடிஞ்சா கேஜ் காலி. வாங்கினதும் கொதிக்கிற தண்ணியில பல்பை முக்கிப் பாருங்க, 212 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் வந்து நிக்கணும். நான் அடுப்புல வெச்சேன், முள்ளு அசையவே இல்ல, ஈதர் எப்பவோ போயிருக்கு. "அது பால் காய்ச்சுற பாத்திரம்"னு வீட்டம்மா கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம். இன்னொண்ணு தேடி வாங்க ரெண்டு மாசம் ஆச்சு.

குழாயைக் கழட்ட முடியாதுங்கிறதால ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகரச் சுவர்) போடுற ஓட்டை பல்பும் நட்டும் நுழையுற அளவுக்கு இருக்கணும், ஓட்டை விளிம்புல ரப்பர் வளையம் (க்ரோமெட்) கண்டிப்பா போடணும், இல்லன்னா தகரம் குழாயை அறுத்துடும். கூலன்ட்டை வடிச்சுட்டு, இன்ஜின் மேல இருக்குற இன்டேக் மேனிஃபோல்டுல மூடி போட்டிருந்த கூலன்ட் துளையில பல்பை மாட்டினேன்.

மூணாவது கேஜ் அம்மீட்டர், பேட்டரிக்குப் போற வர்ற கரண்டைக் காட்டுறது. அதை மட்டும் மாட்டல. சார்ஜிங் கரண்ட் முழுசும் அது வழியா கேபினுக்குள்ள வந்துதான் போகணும், ஒரு நட்டு லூசானாலும் தீதான். அழகுக்காக அந்த ரிஸ்க் எனக்கு வேணாம். அதே காலத்து முகம் மாதிரி இருக்குற வோல்ட்மீட்டர் போட்டேன், ஓடும்போது 14 வோல்ட் காட்டினா போதும்.

ஆயில் கேஜுக்கு இன்ஜின் பிளாக்ல T வடிவ ஃபிட்டிங் போட்டு ஒரு பக்கம் பழைய லைட்டோட சென்சார், இன்னொரு பக்கம் கேஜுக்கு ஆயில் கொண்டு போற செம்புக் குழாய். சென்சார் மரைக்கு டெஃப்லான் டேப்பை சகட்டுமேனிக்கு சுத்தாதீங்க, எர்த்தே அந்த மரை வழியாதான். செம்பு அதிர்வுல விரிசல் விடும்னு நடுவுல ரெண்டு சுத்து வளையம் விட்டேன். எல்லாம் சரி, கேஜ் பின்னாடி நட்டை மட்டும் பயந்து பயந்து பாதி டைட்டு பண்ணிருக்கேன். ஸ்டார்ட் பண்ணதும் சூடான ஆயில் என் ஷூ மேல!

இப்ப சூடான இன்ஜின்ல 2000 ஆர்பிஎம்முக்கு ஆயில் பிரஷர் 40 பிஎஸ்ஐ காட்டுது. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு பத்து பிஎஸ்ஐ இருந்தா போதும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அந்தக் கணக்குக்கு தாராளம். கார்பெட்டுல அந்த ஆயில் கறை மட்டும் போகவே இல்ல, மேட்டை இழுத்து மூடி வெச்சிருக்கேன்.