44,000 யூரோ போதும்னு நெனச்சோம்

தம்பிக்கு ஜெர்மனி விசா போன வாரம் வந்துடுச்சு. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்னிக்கே அம்மா அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்க. ஆனா டிசம்பர் கடைசில எங்க வீட்ல யாருக்கும் தூக்கமே கெடையாது, அந்தக் கதைய எழுதி வெச்சா இங்க பெங்களூர்ல இதே மாதிரி ஆஃபர் லெட்டர கைல வெச்சுட்டு இருக்குற நாலு பேருக்காவது உதவும்னு தோணுச்சு.

அவனுக்கு நியூரம்பெர்க்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி அக்டோபர்ல ஆஃபர் குடுத்தாங்க. வருஷத்துக்கு ஃபிக்ஸட் 44,000 யூரோ, அதுக்கு மேல வேரியபிள் 4,400, மொத்தம் 48,400. ப்ளூ கார்டுன்னா டிகிரி முடிச்ச வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க குடுக்குற வேலை பெர்மிட், அதுக்கு வருஷ சம்பளம் இவ்ளோவாவது இருக்கணும்னு ஒரு வரம்பு உண்டு. இங்க ஒரு கன்சல்டன்சிகாரர்கிட்ட காட்டினான், அவர் ஒரே நிமிஷத்துல பார்த்துட்டு "ப்ளூ கார்டுக்கு 48,300 வேணும், உனக்கு 48,400 இருக்கு, கவலையே படாத"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஃபீஸும் வாங்கிட்டார். விசா அப்பாயின்ட்மென்ட் ஜனவரி 12க்குத்தான் கெடச்சுது, சரி பொங்கலுக்கு முன்னாடி முடிஞ்சுடும்னு நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம்.

நான் பேரோல்ல 11 வருஷமா இருக்கேன், தெனமும் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்கு கம்பெனி பண்ற மொத்த செலவு, அதோட பிரேக்அப் பாக்குறதுதான் பொழப்பு. இருந்தும் தம்பியோட லெட்டர நான் ஒழுங்கா படிச்சது டிசம்பர் 20 ராத்திரிதான். சாப்பிட்டு முடிச்சு தட்ட ஓரமா நகர்த்திட்டு, அவன் லேப்டாப்ப என் பக்கம் திருப்பி "அக்கா, ஒரு தடவ பாத்துடேன்"ன்னான். மூணாவது பக்கத்துல வேரியபிள் பத்தி ஒரே ஒரு வரி, கம்பெனி டார்கெட்டும் அவன் டார்கெட்டும் ரெண்டும் முடிஞ்சாதான் குடுப்போம்னு. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா இது உறுதியான பணம் இல்ல, வரலாம் வராமலும் போகலாம். அங்க கணக்குல எடுத்துக்கறது கான்ட்ராக்ட்ல உறுதியா குடுப்போம்னு எழுதின வருஷ சம்பளம், வரிக்கு முன்னாடி. பதிமூணாவது மாச சம்பளம்னு உறுதியா எழுதிருந்தா அது சேரும், டார்கெட் போனஸ் சேராது. அப்போ தம்பியோட நெஜமான நம்பர் 48,400 இல்ல, 44,000.

நம்ம ஊர்ல வேலை பாக்குறவங்களுக்கு இது மண்டைல ஏறவே நேரம் ஆகும். இங்க சிடிசில கம்பெனி போடுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஜாயினிங் போனஸ், வேரியபிள் எல்லாத்தயும் சேத்து ஒரு பெரிய நம்பர் சொல்வாங்க, நாமளும் அதத்தான் சொந்தக்காரங்ககிட்ட சொல்றோம். அந்தப் பழக்கத்தோட வெளிநாட்டு ஆஃபர படிச்சா மாட்டிக்குவோம்.

சரி, 44,000 வெச்சே பாக்கலாம்னு உக்காந்தோம். ப்ளூ கார்டுக்கு ரெண்டு வரம்பு இருக்கு. பொதுவா எல்லாருக்கும் ஒண்ணு, ஆள் பற்றாக்குறை இருக்குற வேலைகளுக்கும் டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆகாதவங்களுக்கும் அதவிட கம்மியா ஒண்ணு. தம்பி 2018லயே பிஇ முடிச்சவன், ஆனா ஐடி வேலை அந்தப் பற்றாக்குறை லிஸ்ட்ல வருது. 2025க்கு அந்தக் கம்மி வரம்பு 43,759.80. அப்பாடா, 240 யூரோ வித்தியாசத்துல தப்பிச்சோம்னு அவன் எழுந்தே போயிட்டான்.

அப்புறம்தான் எனக்கு ஜனவரி 12 ஞாபகம் வந்துச்சு.

இந்த வரம்பு வருஷா வருஷம் ஜனவரி 1 ஆனா மாறும். அங்க ஓய்வூதியக் காப்பீட்டுக்கு சம்பளத்துல எந்த அளவு வரைக்கும் பிடிக்கலாம்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, அதுல பாதிதான் பொது வரம்பு, 45.3 பர்சென்ட் அந்தக் கம்மி வரம்பு. 2025ல உச்சவரம்பு 96,600, 2026ல 1,01,400. அப்போ புது வரம்பு 50,700, கம்மி வரம்பு 45,934.20. நம்ம பிஎஃப்ல 2014 செப்டம்பர்லேர்ந்து அதே 15,000 ரூபா சீலிங்க பாத்துப் பழகின எனக்கு, இந்த மாதிரி ஒரு நம்பர் வருஷா வருஷம் ஏறும்னு தோணவே இல்ல. தம்பிக்கு 1,934 யூரோ 20 சென்ட் கொறையுது. அவன்கிட்ட சொன்னப்போ ஒண்ணுமே பேசல, பால்கனில போய் நின்னுட்டான். அப்பா மட்டும் "இன்னும் நாள் இருக்குல்ல, எழுதிக் கேளு"ன்னார்.

அன்னிக்கு ராத்திரியே மெயில் எழுதினோம். சம்பளம் கூட்டிக் குடுங்கன்னு கேக்கல. மொத்தம் அதே 48,400 இருக்கட்டும், ஃபிக்ஸட் மட்டும் 46,200 ஆக்கி வேரியபிள 2,200 ஆக்குங்க, காரணம் இதுன்னு 2026 வரம்ப எழுதி அனுப்பினோம். கிறிஸ்துமஸ் லீவு, அங்க ஒருத்தரும் இல்ல. புது வருஷம் பொறந்தும் பதில் இல்ல, ஜனவரி 6 பவேரியால லீவுன்னு அப்போதான் தெரிஞ்சுது. 7ஆம் தேதி சாயங்காலம் எச்ஆர் அம்மா ரெண்டு வரி எழுதினாங்க, தப்பு எங்க பக்கம்தான், நாளைக்கு திருத்தின கான்ட்ராக்ட் வரும்னு. 8ஆம் தேதி வந்துச்சு. அந்தம்மா நல்லாருக்கணும்.

கம்மி வரம்புல போனா அங்க ஃபெடரல் எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சியோட சம்மதமும் வேணும், அதே ஊர்ல அதே வேலைக்கு மத்தவங்களுக்குக் குடுக்குற சம்பளம் இவனுக்கும் குடுக்கறாங்களான்னு பாப்பாங்க. பொது வரம்ப தாண்டிட்டா அந்தச் சம்மதம் தேவையில்ல. ப்ளூ கார்டே வேணாம், சாதாரண ஸ்கில்டு வொர்க்கர் பெர்மிட்ல போயிடலாம்னும் யோசிச்சோம், 45 வயசுக்குக் கீழ இருந்தா அதுல இப்படி ஒரு நம்பரே கெடையாது. ஆனா ப்ளூ கார்டுல பி1ங்கற லெவல் வரைக்கும் ஜெர்மன் முடிச்சா 21 மாசத்துல நிரந்தர பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணலாம், சாதாரண பெர்மிட்ல மூணு வருஷம் ஆகும். இவன் ஆறு மாசமா இந்திராநகர் சிஎம்எச் ரோட்ல ஜெர்மன் சொல்லித்தர்ற மேக்ஸ் முல்லர் பவனுக்கு டிராஃபிக்ல அலைஞ்சு படிக்கறான், அது வீணாகக் கூடாதுன்னு எனக்குப் பிடிவாதம்.

என் ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்கு நெதர்லாந்துல கிட்டத்தட்ட இதே கதை 2025ல நடந்துச்சு. வருஷத்துக்கு 70,000 யூரோ ஆஃபர், 12ஆல வகுத்தா 5,833, அப்போ அங்க வேலை பெர்மிட்டுக்கு 30 வயசு ஆனவங்களுக்கு மாச சம்பள வரம்பு 5,688, தாண்டிட்டோம்னு சந்தோஷப்பட்டா. ஆனா அந்த 70,000க்குள்ள 8 பர்சென்ட் ஹாலிடே அலவன்ஸ் இருந்துச்சு, அங்க அத எடுத்துட்டுத்தான் பாப்பாங்க, எடுத்தா 5,401. 30க்குக் கீழ இருந்திருந்தா 4,171 போதும், அவளுக்கு 32. 2026ல அது 5,942ம் 4,357ம் ஆயிடுச்சு. லண்டன் பக்கம் போறவங்களுக்கு இன்னும் மோசம், 2024 ஏப்ரல்ல வேலை விசாவுக்கான பொது வருஷ சம்பள வரம்பு 26,200 பவுண்டுலேர்ந்து ஒரே தாவா 38,700, அடுத்து 2025 ஜூலைல 41,700.

நம்ம நாட்லயும் இது உண்டு. வெளிநாட்டுக்காரர் இங்க எம்ப்ளாய்மென்ட் விசால வரணும்னா பொதுவா வருஷத்துக்கு 16.25 லட்சத்துக்கு மேல சம்பளம் இருக்கணும், அவங்க நாட்டு சமையல் பண்ண வர்றவங்களுக்கும் இங்கிலீஷ் இல்லாத மொழி சொல்லித்தர வர்றவங்களுக்கும் விலக்கு இருக்கு.

இந்த நம்பர் மேல எனக்குக் கோவம் இல்ல. அது இல்லேன்னா நம்ம பசங்கள பாதி சம்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயி வேலை வாங்கற கம்பெனிங்க நெறைய இருக்கும். எனக்குக் கோவம் எல்லாம் லெட்டரோட மூணாவது பக்கத்தக்கூட படிக்காம காசு வாங்கிட்டு கவலைப்படாதன்னு சொல்றவங்க மேலதான். ஒரு பையன் இருக்குற வேலைய விட்டுட்டு, அட்வான்ஸ் குடுத்த வீட்ட காலி பண்ணிட்டு நிக்கறப்போ அந்த ஒரு வார்த்தை எவ்ளோ பெரிசு.

அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கைக்கு எவ்ளோடா வரும்?" பிடிப்பு எல்லாம் போக, கல்யாணம் ஆகாத ஆளுக்கு மாசம் சுமார் 2,500 யூரோ. அதுக்குள்ள வாடகை, சாப்பாடு எல்லாம். ஏப்ரல் 1 ஜாயினிங். மொத மாச ஸ்லிப் வந்ததும் எனக்கு போட்டோ அனுப்பச் சொல்லிருக்கேன், ப்ரூட்டோன்னு, அதாவது பிடிப்புக்கு முன்னாடி மொத்த சம்பளம்னு, இருக்குற வரில 3,850 இருக்கணும்.