சென்னை வெயிலில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங்

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங் பொருத்துவதைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 20 அல்லது 22 டிகிரி செல்சியஸில் இருக்கும் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் என் அறை, சித்திரை பிறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் 34 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவெல்லாம் அதை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட அறையில் இருந்துகொண்டு அந்த வழிகாட்டிகளின் எண்களை நம்பிப் பணம் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதற்காக இந்த ஊருக்கு வாட்டர் கூலிங் உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. கார்டின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், குழாயில் ஓடும் கூலன்ட் (வெப்பத்தைச் சுமக்கும் திரவம்) அறைக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்பதைப் பார்த்துத் திட்டமிட்டால், சென்னையிலும் அது ஒழுங்காக வேலை செய்யும்.

வாட்டர் கூலிங் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஒரே கன அளவுள்ள காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தாங்கும் என்பதால், சிப்பின் மீதிருக்கும் சிறிய பரப்பிலிருந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போய், சற்றுத் தள்ளி விரிந்திருக்கும் ரேடியேட்டரில் (விசிறிகள் காற்றடித்துக் குளிர்விக்கும் உலோக அமைப்பு) சேர்க்க அது மிகவும் பொருத்தமானது. ஆனால் ரேடியேட்டர் அந்த வெப்பத்தைக் கொடுப்பது அறைக்காற்றுக்குத்தான். எனவே எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் கூலன்ட் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 போன்ற ஒரு நாளில், ஏசி இல்லாத அறையில், இந்த அமைப்பின் தொடக்கப் புள்ளியே அங்கேதான் இருக்கும்.

நான் பொருத்தியது பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுக்கு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்ததும் இந்த வகைக் கார்டுகள் இரண்டாம் கைச் சந்தையில் நிறைய வந்தன. வாரன்ட்டி முடிந்த கார்டு என்பதால் கழற்றிப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. புதிய கார்டு வைத்திருப்பவர்கள், கூலரைக் கழற்றினால் வாரன்ட்டி செல்லுமா என்பதைத் தங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 3090 கார்டு 350 வாட் மின்சாரத்தை எடுக்கும். அதைவிட முக்கியமானது, அதன் 24 ஜிபி நினைவகம் 24 சிப்புகளாகப் பிரிந்து, பன்னிரண்டு முன்பக்கமும் பன்னிரண்டு பின்பக்கமும் அமர்ந்திருப்பது. ஜிடிடிஆர்6எக்ஸ் வகையைச் சேர்ந்த அந்தச் சிப்புகள் 110 டிகிரியை நெருங்கும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் கார்டில் கோர் (கணக்கிடும் முதன்மைச் சிப்) 78 டிகிரியைக் காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நினைவகம் 104 டிகிரியில் நின்றது. கோரின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் நினைவகத்துக்கான வரியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிராசஸரை நான் இந்தத் தண்ணீர்ச் சுற்றில் சேர்க்கவில்லை. விளையாட்டின்போது அது எடுக்கும் மின்சாரம் கார்டோடு ஒப்பிடக் குறைவு. நல்ல ஏர் கூலர் ஒன்றே அதற்குப் போதும். இரண்டையும் ஒரே சுற்றில் கோத்தால் செலவும் இணைப்புகளும் கூடுமே தவிர, விளையாட்டில் தெரியும்படியான பயன் எதுவும் இல்லை. கார்டுக்கு மட்டும் என்று முடிவு செய்தபின், 120 மி.மீ. விசிறி ஒன்றின் அளவுள்ள ரேடியேட்டர்ப் பரப்பு, விசிறி மெதுவாகச் சுற்றும்போது சுமார் 100 வாட்டைக் கையாளும் என்ற நடைமுறைக் கணக்கை எடுத்துக்கொண்டேன். அதன்படி 350 வாட்டுக்கு நான்கு விசிறிப் பரப்பு போதும் என்றாலும், கேபினெட்டின் முன்பக்கம் 360 மி.மீ., மேலே 240 மி.மீ. என ஐந்துக்கு இடம் ஒதுக்கினேன். சென்னையில் ரேடியேட்டர்ப் பரப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிப்புகளின் மீது அமரும், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டியான பிளாக்கில் விலை உயர்ந்ததற்கும் சாதாரணமானதற்கும் இடையே சில டிகிரி வித்தியாசம்தான் கிடைக்கும், ஆனால் பரப்பு போதாவிட்டால் எந்த பிளாக்கும் காப்பாற்றாது.

முன்பக்க ரேடியேட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்திருக்கிறேன். மேலே உள்ளது ஏற்கெனவே சூடேறிய காற்றை வெளியே தள்ளுகிறது. அதனால் அதன் பங்கு கொஞ்சம் குறைவுதான். எந்த ரேடியேட்டருக்குப் பின் எது வர வேண்டும் என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் சுற்றில் 350 வாட் வெப்பம் தண்ணீரின் வெப்பநிலையை பிளாக்கைக் கடக்கும்போது 1.7 டிகிரி அளவுக்கே உயர்த்தும் என்பதால், குழாய் எந்த வரிசையில் அழகாகப் போகிறதோ அந்த வரிசையில் போகலாம். கூலன்ட்டைச் சேர்த்துவைக்கும் ரிசர்வாயர் மட்டும் அதைச் சுழற்றும் பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

வேலையில் நேரம் பிடிப்பதும் பொறுமை கேட்பதும் பிளாக்கைப் பொருத்தும் கட்டம். முதலில், வாங்கும் பிளாக் தன் கார்டின் சர்க்யூட் போர்டுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும்; ஒரே 3090 பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு அமைப்பில் போர்டு செய்திருக்கிறது, ஒன்றுக்கு உரிய பிளாக் மற்றொன்றில் அமராது. கழற்றுவதற்கு முன் கார்டைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, மின்இணைப்பைத் துண்டித்தபின் திருகுகளை எடுத்தால், காய்ந்த தெர்மல் பேஸ்ட் (சிப்பிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் பசை) இளகியிருக்கும். கூலர் பிடிவாதம் பிடிக்காமல் பிரியும். விசிறிகளுக்குச் செல்லும் மெல்லிய ஒயர்கள் கூலரோடு சேர்ந்தே வரும் என்பதால் வேகமாக இழுக்கக் கூடாது. நினைவகச் சிப்புகளிலிருந்து வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட்களின் பழைய துணுக்குகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்து வருவது பேட்களின் தடிமன். அரை மில்லிமீட்டர் என்பது இங்கே பெரிய எண். பிளாக் நிறுவனம் 1 மி.மீ. என்று குறிப்பிட்ட இடத்தில் 1.5 மி.மீ. பேட் ஒட்டினால், அந்தப் பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நினைவகம் குளிரும், கோர் மீது பிளாக் சரியாக அழுந்தாது. கோருக்கு நான் பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்ற தகட்டைப் பயன்படுத்தினேன். அது அறை வெப்பத்தில் திடமாக இருந்து, 45 டிகிரி அளவில் இளகி இடைவெளிகளை நிரப்பும். சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து பேஸ்ட் ஓரங்களுக்குத் தள்ளப்படும் தொல்லை இதில் மிகக் குறைவு என்பதால், ஆண்டில் பாதி நாள் வியர்க்கும் ஊருக்கு இதுவே ஏற்றது. திருகுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும்.

பின்பக்கத்துப் பன்னிரண்டு சிப்புகளைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை. தண்ணீர் முன்பக்க பிளாக்கில் மட்டுமே ஓடுகிறது. பின்பக்கச் சிப்புகளின் வெப்பம் பேட் வழியாக உலோகத் தகட்டுக்கு வந்து, அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டும். பின்பக்கத்திலும் தண்ணீர் ஓடும் தகடுகள் கிடைக்கின்றன என்றாலும் விலை அதிகம். தகட்டின் மீது காற்றடிக்கும்படி ஒரு 120 மி.மீ. விசிறியை நான் சாய்த்து வைத்தேன். பார்வைக்கு அழகில்லை, ஆனால் நினைவகத்தின் வெப்பநிலையை எழுபதுகளின் பிற்பகுதிக்குக் கொண்டுவந்ததில் அந்த விசிறிக்கு நல்ல பங்கு உண்டு.

குழாய்க்குக் கண்ணாடி போல் மின்னும் பெட்ஜி பிளாஸ்டிக் குழாயை விடக் கறுப்பு ஈபிடிஎம் ரப்பரையே நான் பரிந்துரைப்பேன். பெட்ஜி 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கோடையில், ஏசி ஓடாத அறையில், விசிறி ஒன்று நின்றுபோனால் கூலன்ட் அந்த எல்லையை நோக்கி நகர்வது சென்னையில் கற்பனையான ஆபத்து அல்ல. வாட்டர் கூலிங்கில் பயன்படும் டி5 வகைப் பம்ப்புகளுக்கும் 60 டிகிரியே மேல் எல்லை. தெளிவான மென்குழாய்களிலிருந்து காலப்போக்கில் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்) கசிந்து, பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் நுண்ணிய வரிகளில் படிவதும் ஈபிடிஎம்மில் இல்லை. அழகுக்காகவே இதைச் செய்கிறவர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள்; அவர்கள் ஏசியை அணைக்காமல் விளையாடட்டும்.

இனித் தண்ணீர். "பேட்டரி வாட்டர் ஊத்துங்க சார், போதும்" என்று ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எனக்கு யோசனை சொன்னார். கனிமம் நீக்கிய நீர் என்ற அளவில் அவர் சொன்னது முற்றிலும் தவறல்ல, ஆனால் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இல்லை, பாசியைத் தடுக்கும் மருந்தும் இல்லை. போர்வெல் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் பிளாக்கின் வரிகளிலும் படியும், அந்த வரிகளின் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் இருபது லிட்டர் கேன் தண்ணீரிலும் உப்பு குறைவாக இருந்தாலும் இல்லாமல் இல்லை. டிஸ்டில்டு வாட்டரில் உரிய செறிவு மருந்தைக் கலந்தோ, முன்பே கலந்து விற்கும் தெளிவான கூலன்ட்டை வாங்கியோ ஊற்றுவதே முறை. பால் போன்ற நிறக் கலவைகளில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் படியும் என்பதால் அவற்றைத் தவிர்த்தேன். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒரு சுற்றில் சேர்ந்திருக்கலாம். அலுமினிய ரேடியேட்டரை அவற்றோடு சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி வரும் பழைய ஆல்இன்ஒன் கூலரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரை மறுபடி பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை அலுமினியம். புதிய ரேடியேட்டருக்குள்ளும் பற்றவைத்த பிசுக்கு மிச்சமிருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கி, வெளிவருவது தெளியும்வரை கழுவிய பிறகே மாட்டினேன்.

தண்ணீரை ஊற்றும் முன் காற்றை அடைத்துச் சோதிப்பது நிம்மதி தரும். அளவுமானி பொருத்திய சிறிய கைப்பம்ப்பால் அரை பார் அழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் விட்டுவைத்தேன், முள் நகரவில்லை. கரண்ட் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரை விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அந்த முள்தான் சமாதானம் சொன்னது. நிரப்பும்போது மதர்போர்டுக்கோ கார்டுக்கோ கரண்ட் போகக் கூடாது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனை இணைப்பில் பச்சை ஒயர் வரும் பதினாறாம் முனையை ஏதேனும் ஒரு கறுப்பு ஒயரோடு இணைக்கும் ஜம்பரைச் செருகி, பம்ப்பை மட்டும் ஓட்ட வேண்டும். பம்ப்பின் பேரிங்குக்கு எண்ணெய் அந்தத் தண்ணீர்தான் என்பதால், ரிசர்வாயர் காலியாகும் முன் நிறுத்தி, மறுபடி நிரப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் தங்கிய காற்று வெளியே வரும்.

ரிசர்வாயரின் ஒரு துளையில் கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சார் மூடி ஒன்றைத் திருகியிருக்கிறேன். முழு அமைப்பிலும் விலை குறைந்த பொருள் அதுதான், மிகப் பயனுள்ள பொருளும் அதுதான். கார்டின் கோர் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏறி இறங்கும். அதைப் பார்த்து விசிறிகள் ஓடினால் அவை காரணமில்லாமல் இரைந்து அடங்கிக்கொண்டிருக்கும். கூலன்ட் நிதானமாகச் சூடாகும், நிதானமாக ஆறும். ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் விசிறிகளைக் கூலன்ட்டோடு இணைத்துவிட்டேன். இதிலும் ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு: கூலன்ட் 40 டிகிரியைத் தொட்டால் முழு வேகம் என்று அமைத்துவிட்டால், மே மாதத்தில் ஏசி இல்லாதபோது விசிறிகள் நாள் முழுவதும் முழு வேகத்திலேயே ஓடும், அதனால் கிடைப்பது இரைச்சல் மட்டுமே. அறைக்காற்றை அளக்க முன்பக்க ரேடியேட்டருக்கு வெளியே இன்னொரு சென்சாரை வைத்து, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பத்து டிகிரியைத் தாண்டினால் மட்டும் வேகம் கூடும்படி செய்திருக்கிறேன். ஏசி ஓடும் 27 டிகிரி அறையில் கூலன்ட் 36-லும் கோர் 50-லும் நிற்கின்றன. ஏசி இல்லாத 35 டிகிரி அறையில் அவை 44, 58 என்று, அறை உயர்ந்த அதே எட்டு டிகிரி உயர்கின்றன. வெளிநாட்டுக் காணொளிகளில் 42 டிகிரி கோரைப் பார்த்து ஏங்குகிறவர்கள் அந்த அறையின் வெப்பநிலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அறைக்குக் கீழே போகாதென்றால் ஃபிரிட்ஜ் போல் குளிர்விக்கும் சில்லர் வைத்துக் கூலன்ட்டைக் குளிர்விக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. கூலன்ட்டை அதற்குக் கீழே இறக்கினால் பிளாக்கிலும் குழாயிலும் வியர்த்து, சொட்டுகள் கார்டின் மீதே விழும். கடற்காற்று வீசும் ஊரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

செலவு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங்குகள்தான் எதிர்பாராமல் ஏற்றின. அத்துடன், கார்டு குளிர்ந்தாலும் அறை குளிராது. கம்ப்யூட்டர் மொத்தமாக 600 வாட் எடுத்தால் அத்தனையும் வெப்பமாக அறைக்குள்தான் வருகிறது. ஒரு டன் ஏசி நீக்கக்கூடிய 3.5 கிலோவாட்டில் அது ஆறில் ஒரு பங்கு. கார்டின் மின் வரம்பை 350 வாட்டிலிருந்து 280 வாட்டுக்குக் குறைத்தபோது விளையாட்டில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, ஏசிக்கும் சுமை குறைந்தது. கைக்காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் பேட்களை மாற்றி, இந்த வரம்பைக் குறைத்தாலே பாதி வழி வந்துவிடலாம்.

பராமரிப்பு என்று பார்த்தால், முன்பக்க வலையை மாதத்துக்கு ஒருமுறை தட்டித் துடைக்கிறேன். எங்கள் தெருவின் புழுதிக்கு அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் திருப்பித் திறந்து கூலன்ட்டை வடிக்கும் ஒரு வால்வைப் (ball valve) பொருத்தியிருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை கூலன்ட்டை மாற்ற எந்தக் குழாயையும் கழற்ற வேண்டியதில்லை. அந்த வேலையை மார்கழிக்கு ஒதுக்கியிருக்கிறேன்; கோடை தொடங்குவதற்கு முன் பிளாக்கின் வரிகளைத் திறந்து பார்க்கவும் அப்போது நேரம் கிடைக்கும்.