பெயர்ச்சீட்டுக்கு 12, புத்தகத்துக்கு 14

“மிஸ், அதுல பேர் எழுதிப் போடறதுக்கு 12 வயசே போதும். படிக்கிறதுக்கு மட்டும் 14 ஆகணுமா?” என்று அந்த ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள். “அதனாலதான்மா” என்று சொல்லிவிட்டு, சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை அவளிடமிருந்து வாங்கி மேசைக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். அவள் வாதாடவில்லை. வேறொரு புத்தகத்தை எடுத்துப் பதிவு செய்துகொண்டு, பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டுப் போய்விட்டாள். பள்ளி நூலகத்தில் அன்றாடம் நடக்கிற விஷயம்தான். ஆனாலும் நான் சொன்ன பதில் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. மறுக்கிற தொனியில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், அவள் கேள்வியில் இருந்த நியாயத்தையே மறுப்புக்குக் காரணமாக்கியிருக்கிறேன்.

விதியை அவள் சரியாகவே சொன்னாள். பனெம் என்ற அந்த நாட்டில், முன்பொரு காலத்தில் தலைநகருக்கு எதிராகக் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்பியாக வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொன்று தீர்க்க, மிஞ்சுகிறவர் வென்றவர். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும். குலுக்கலில் 12 வயதுக்கு ஒரு சீட்டு, 13-க்கு இரண்டு, இப்படியே 18-க்கு ஏழு. தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் கூடுதலாகப் பெயரைப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கி வாங்கித்தான் 16 வயதுக் கதாநாயகி காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளிலும் அவள் நண்பன் கேலின் பெயர் 42 சீட்டுகளிலும் இருக்கிறது. நாவலின் வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அம்பு பாய்கிற பக்கங்களைவிடக் கொடுமையானது பசித்தவன் பெயர் பல சீட்டுகளில் இருக்கும் என்கிற அந்த ஏற்பாடுதான். அதைப் புரிந்துகொள்ள 14 வயது ஆக வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மஞ்சள் ஒட்டு இருக்கிற புத்தகம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் என்பது நான் கொண்டுவந்த விதியல்ல. வேறொரு நாவலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு தந்தை முதல்வர் அறைக்குப் போன பிறகு வந்தது. வந்தபோது நான் எதிர்க்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதற்காக ஒருத்திக்கு விதியைத் தளர்த்தினால், அடுத்து நிற்கிறவனுக்கு என்ன சொல்வது? அவனுக்கும் 12 வயதுதான். அவன் ஈட்டி பாயும் பக்கங்களை மட்டும் தேடிப் படித்துவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவான். இவளைப் போன்ற ஒருத்திக்காக விதியை எழுத முடியாது, எல்லாருக்குமாகத்தான் எழுத முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லி முடிக்கும்போதே, பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துக் கொடுப்பதற்குத்தானே நூலகர் என்று ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும் தோன்றிவிடுகிறது.

இந்த நாவலுக்கு எதிர்ப்பு புதிதல்ல. 2008-இல் வெளிவந்த இது, அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அதிக ஆட்சேபத்துக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் 2010-இல் ஐந்தாவதாகவும் 2011-இல் மூன்றாவதாகவும் இருந்தது. வன்முறை, வயதுக்குப் பொருந்தாமை என்ற காரணங்களை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் புரிந்துகொள்ளலாம். 2011-இல் சொன்ன காரணங்களில் குடும்பத்துக்கு எதிரானது என்பதும் ஒன்று. குலுக்கலில் தங்கை பெயர் விழுந்ததும் நான் போகிறேன் என்று முன்னால் ஓடி வருகிற அக்காளின் கதையை அவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து படித்தார்களோ! பிரிட்டனில் 2012-இல் படம் வந்தபோது, 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்கிற 12ஏ சான்றிதழுக்காக ஏழு விநாடி அளவுக்கு வெட்டினார்கள். தெறிக்கும் ரத்தத்தைக் கணினியில் அழித்தார்கள். ரத்தத்தைத் துடைத்துவிட்டால் பிள்ளைகள் பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டவர்கள். இந்த மாணவிக்கும் குலுக்கல் விதி அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் அப்படித் துடைக்க முடியாது என்பதை என் தரப்பு வாதமாக வைக்கலாம். காட்னிஸே நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகிற கதை அது. அவள் பார்ப்பதைத்தான் வாசகரும் பார்க்க வேண்டும், விலகி நிற்க இடமே கிடையாது. கடைசியில், உருமாற்றிய விலங்குகளிடம் சிக்கிய கேட்டோ என்ற எதிர்ப் போட்டியாளன் இரவு முழுவதும் சாகாமல் முனகுகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். விடிகிற நேரத்தில் இரக்கத்தினால் அம்பு விடுகிறாள். நான் முதலில் படித்தபோது அந்தப் பக்கங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அதையும்விடக் கனமான பகுதி ஒன்று தொடக்கத்திலேயே இருக்கிறது. காட்னிஸுக்கு 11 வயதில் அப்பா சுரங்க வெடிப்பில் இறந்துவிட, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே வெறித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் பட்டினி கிடப்பது அவள் கண்ணில் படுவதே இல்லை. மழையில் ரொட்டிக் கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கிறாள் அந்தச் சிறுமி, தொட்டி காலி. உடைந்துபோன தாயைக் காட்டும் இந்தப் பகுதி 12 வயதுக்கு அதிகம், அதனால்தான் கொடுக்கவில்லை என்று பின்னாளில் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அன்று அவள் எதிரில் நின்றபோது இது நினைவுக்கு வந்ததா என்றால், இல்லை. தவிரவும், அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளை எங்கள் ஏழாம் வகுப்பிலேயே ஒன்றிரண்டு இருக்கலாம். அவர்களுக்கு வேண்டிய பக்கமே அதுவாக இருக்கலாம்.

எங்கள் தமிழாசிரியரிடம் இதைப் பற்றிப் பேசினேன். “ஐயா, ஒக்கூர் மாசாத்தியார் பாட்டைப் பேச்சுப்போட்டியில சொல்லாத பிள்ளை உண்டா? தகப்பன், புருஷன் ரெண்டு பேரையும் போர்ல பறிகொடுத்தவ, ஒரே பையனோட குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில கொடுத்து அனுப்புறா. அதுக்குக் கை தட்டுறோம். இதுக்கு மஞ்சள் ஒட்டு ஒட்டுறோம்” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அம்மா, ‘செல்கென விடுமே’ன்னு பாட்டு அங்கேயே முடிஞ்சுபோகுது. பையன் என்ன ஆனான்னு அது சொல்லலையே” என்றார்.

அவர் என் விதிக்கு ஆதரவாகத்தான் அதைச் சொன்னார். எனக்கோ அது இரண்டு பக்கமும் வெட்டியது. அந்தப் பையன் போன பிறகு நடப்பதைத்தான் நாவல் சொல்கிறது. 11-ஆம் மாவட்டத்து ரூவுக்கு 12 வயது. ஈட்டியால் குத்துப்பட்டுச் சாகும்போது காட்னிஸ் அவளுக்காகப் பாடுகிறாள், பிறகு உடலைப் பூக்களால் மூடுகிறாள். எதற்கும் கை தட்டச் சொல்லாத கதை. பார்த்துக் கை தட்டுகிறவர்கள் யார் என்று திரும்பத் திரும்பக் காட்டுகிற கதை. சிறு பிள்ளைகளை அனுப்பி வைப்பதைப் புகழ்வது எல்லா வயதுக்கும் ஏற்றது, அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்வது மட்டும் 14-க்கு மேல் என்றால், அதில் ஏதோ கோணல் இருக்கிறது. ஆனால் மனனம் செய்து ஒப்பிக்கிற பிள்ளை அந்தப் பையனை நினைத்து இரவில் தூக்கம் கெட்டு எழுந்திருப்பதில்லை. ரூவை நினைத்து எழுந்திருக்கக்கூடும். அது கெடுதலா என்பதில்தான் நானும் ஐயாவும் வேறுபட்டோம். அடுத்த நாள் பேசியிருந்தால் இருவரும் பக்கம் மாறியிருப்போமோ என்னவோ.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தயாரானேன். “நீங்க குடுக்கலைன்னு சொன்னா மேடம். ரொம்ப தேங்க்ஸ். நான் வேலைக்குப் போறவ, அவ என்ன படிக்கிறான்னு பார்க்க நேரமே இல்லை. நீங்களாவது பார்க்கிறீங்களே” என்றார். திட்டியிருந்தால் விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். நன்றிக்கு என்ன பதில் சொல்வது? “நீங்க படிச்சுப் பாருங்க, அப்புறம் ரெண்டு பேருமாப் பேசிப் படிக்கலாம். உங்க பேர்லயே பதிவு செஞ்சு தரட்டுமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒட்டுகளை மறுபரிசீலனை செய்து வயதுவாரியாகப் பட்டியல் தரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாகமான இந்த நாவலுக்கு நேரே 12 என்று எழுதி, அடித்து, 13 என்று எழுதியிருக்கிறேன். ஏன் 13 என்று கேட்டால் சொல்வதற்குக் காரணம் இல்லை. 12 என்று எழுதக் கை வரவில்லை, 14 என்று எழுத அந்தக் கேள்வி விடவில்லை. 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் போரே வந்துவிடுகிறது, குழந்தைகள் மேல் குண்டு விழுகிறது. அதற்கு 15 என்று போட்டிருக்கிறேன். முதல் பாகத்தை 13 வயதில் முடித்த பிள்ளை அடுத்த வாரமே வந்து மூன்றாவதைக் கேட்கும் என்பது தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.