வலது கண்: வில்லி ஓ’ரீ பற்றிய நாட்குறிப்பு

2025 ஜனவரி 18, சனி

இன்றோடு 67 ஆண்டுகள். 1958-ல் இதே தேதியில், மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில், போஸ்டன் ப்ரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் இடது விங் ஆட்டக்காரராக, அதாவது தளத்தின் இடது ஓரமாக முன்னேறித் தாக்குபவராக, வில்லி ஓ’ரீ பனித்தளத்தில் இறங்கினார். வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். போஸ்டன் அன்று 3-0 என்று வென்றது. அவர் கோல் எதுவும் போடவில்லை. மறுநாள் இன்னொரு ஆட்டம் ஆடினார். பிறகு, அதுவரை ஆடிவந்த கீழ்நிலை லீக் கிளப்புக்கே திரும்ப அனுப்பப்பட்டார். அணியில் ஒருவருக்குக் காயம் என்பதால் வந்த அழைப்பு அது, அவ்வளவுதான். மறுநாள் நாளிதழ்கள்கூட இதைப் பெரிய செய்தியாகக் கருதவில்லை.

ஆண்டுதோறும் இந்தத் தேதியில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘முதலாமவர்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லில் பிழை இல்லை என்றாலும், அது ஒரு மனிதரின் இருபத்தைந்து ஆண்டு ஆட்ட வாழ்க்கையை ஒரே இரவில் சுருக்கிவிடுகிறது என்பது என் குறை. அந்த இரவில் அவருடைய வலது கண்ணில் ஏறத்தாழ பார்வையே இல்லை என்பது ஃபோரத்தில் கூடியிருந்தவர்களுக்கும் தெரியாது, சக வீரர்களுக்கும் தெரியாது. இந்தக் குறிப்புகளை நான் தொடங்குவது அந்தக் கண்ணுக்காக.

ஜனவரி 19, ஞாயிறு

விபத்து நடந்தது 1955-56 பருவத்தில், ஒன்டாரியோ மாநிலத்தின் கிச்சனர் நகர ஜூனியர் அணிக்காக அவர் ஆடிக்கொண்டிருந்தபோது. ஓங்கி அடிக்கப்பட்ட பக் முகத்தில் பாய்ந்து மூக்கை உடைத்தது, வலது விழித்திரையைச் சிதைத்தது. பக் என்பது கெட்டியான ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம், எடை 150 கிராமுக்கும் மேல். அன்றைக்குத் தலைக்கவசம் அணிகிற வழக்கமே இல்லை. புதிதாகச் சேரும் வீரர்கள் கட்டாயம் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று என்.ஹெச்.எல். விதித்ததே 1979-ல்தான், கண்ணை மறைக்கும் கண்ணாடித் தடுப்புக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கண்ணின் பார்வையில் 95 சதவீதம் போய்விட்டது. இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஓ’ரீ சில வாரங்களில் மீண்டும் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டார். இதை நெஞ்சுரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, இதில் கணக்கும் இருக்கிறது: ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர் ஆடக் கூடாது என்பது என்.ஹெச்.எல். விதி. வெளியே தெரிந்திருந்தால் கதவு அன்றே சாத்தப்பட்டிருக்கும். அதனால் மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

இடது விங்கில் ஓடுகிறவருக்கு இடப்பக்கம் பலகைச் சுவர் மட்டுமே இருக்கும். தளத்தின் நடுப்பகுதி, தோழர்கள், வந்துசேர வேண்டிய பக் எல்லாம் வலப்பக்கம். அந்தப் பக்கத்துக் கண்தான் அவருக்கு இல்லை. புரிந்துகொள்வதற்காக இன்று மாலை வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, முன்னோக்கி நடந்தபடியே, பின்னாலிருந்து வலப்பக்கமாக ஒரு டென்னிஸ் பந்தை வீசச் சொன்னேன் மகளிடம். பத்து வீச்சில் ஒன்றைப் பிடித்தேன், அதுவும் மார்பில் பட்டுக் கையில் விழுந்தது. பந்தைப் பார்க்கத் தலையை வலது தோளுக்கு மேலே முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் எதிரே வருவது தெரியவில்லை. “ஏன்ப்பா கோழி மாதிரி கழுத்தைத் திருப்புறீங்க?” என்று அவள் சிரித்தாள். நான் நடந்துகொண்டிருந்தேன். அவர் ஸ்கேட்டில் பறந்தவர், எதிரே இடித்துத் தள்ளக் காத்திருந்த ஆட்களை நோக்கி.

ஜனவரி 22, புதன்

இளமைப் பருவத்தைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். 1935 அக்டோபர் 15 அன்று, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்திலுள்ள ஃப்ரெடரிக்டனில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைசி. குளிர்காலத்தில் அப்பா வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்துத் தந்த தளத்தில், மூன்று வயதிலேயே ஸ்கேட்டில் ஏறியவர்.

பேஸ்பாலும் நன்றாக ஆடினார். 1949-ல் அவருடைய சிறுவர் அணி நியூயார்க் சென்றபோது, பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனைப் பார்த்து, நான் ஹாக்கியும் ஆடுகிறேன் என்றார். கறுப்பினப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள் என்பது ராபின்சனுக்கே புதுச் செய்தியாக இருந்தது. 1962-ல் லாஸ் ஏஞ்சலஸ் விருந்தொன்றில் மீண்டும் சந்தித்தபோது, புரூக்ளினில் பார்த்த பையன்தானே என்று ராபின்சன் அடையாளம் கண்டுகொண்டார்.

நான் அதிக நேரம் நின்று யோசித்தது 1956-ல். மில்வாக்கி பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் தேர்வு முகாமுக்காக ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் ஊருக்குப் போனார். வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிவைத்த குடிநீர்க் குழாய்களை அங்கே பார்த்தார். தேர்வாகவில்லை. பேருந்தில் ஐந்து நாள் திரும்பும் பயணம்: தெற்கில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர், வடக்கே போகப் போக ஒவ்வொரு வரிசையாக முன்னே நகர்ந்து வந்திருக்கிறார். ஊர் சேர்ந்தபோது பேஸ்பாலைக் கைவிட்டிருந்தார். அந்த முகாமில் பேஸ்பால் பந்தையும் அவர் ஒற்றைக் கண்ணால்தான் எதிர்கொண்டார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிற பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

1960-61 பருவத்தில்தான் அவருக்கு என்.ஹெச்.எல்.-லில் நிலையாக ஆடும் வாய்ப்பு வந்தது: 43 ஆட்டங்கள். அன்று மொத்தமே ஆறு அணிகள், ஏறத்தாழ 120 இடங்கள். கனடா முழுவதும் ஆடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் அந்த இடங்களுக்காகத்தான் முட்டி மோதினார்கள்.

1961 புத்தாண்டு இரவில், போஸ்டன் கார்டன் அரங்கில், மாண்ட்ரியலுக்கு எதிராக முதல் கோலைப் போட்டார். போஸ்டன் 3-2 என வென்றது; உள்ளூர்க் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. வெளியூர்களில் வேறு கதை. இருக்கைகளிலிருந்தும் எதிரணிப் பெஞ்சிலிருந்தும் நிறத்தைச் சொல்லி வசை வந்துகொண்டே இருந்தது. சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் பிடிமுனையால் அவருடைய முகத்தில் குத்தியதில் உதடு கிழிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. ஓ’ரீயும் மட்டையால் திருப்பி அடித்தார். அவரைப் பொறுமையின் சிலையாகவே காட்ட விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியை மெல்லக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த அடி அவரை இன்னும் நெருக்கமாக்குகிறது.

இரண்டு முறையும் சேர்த்து 45 ஆட்டங்கள், 4 கோல்கள், 10 கோல்களுக்கு உதவிய பாஸ்கள். அடுத்த பருவமும் உனக்கு இடமுண்டு என்ற நம்பிக்கையோடு ஊருக்குப் போனவரை, போஸ்டன் அந்தக் கோடையிலேயே மாண்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. 1956 முதல் 1960 வரை என்.ஹெச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற அணியில் அவருக்கு எங்கே இடம்? கீழ்நிலையான மைனர் லீகில் வைத்திருந்து, அந்த நவம்பரிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் என்ற அணிக்கு அனுப்பிவிட்டார்கள். என்.ஹெச்.எல். கதவு அத்தோடு அவருக்கு மூடியது. அடுத்த கறுப்பின வீரர் மைக் மார்சன் அங்கே வர 1974 ஆயிற்று.

ஜனவரி 30, வியாழன்

பிற்காலத்தை விரைவாகக் குறித்துக்கொள்கிறேன். வெஸ்டர்ன் ஹாக்கி லீகில் லாஸ் ஏஞ்சலஸ், பிறகு சான் டியாகோ. 1979-ல் கடைசி ஆட்டம் ஆடியபோது வயது 43. பிறகு பலவகை வேலைகள், ஹோட்டல் ஒன்றில் பாதுகாப்புப் பணி உட்பட. 1998 முதல் என்.ஹெச்.எல். சார்பில் ஊர் ஊராகச் சென்று, ஹாக்கி எட்டாத பிள்ளைகளைத் தளத்துக்கு அழைத்துவந்தார். 2018-ல் ஹாக்கியின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஆட்டக்காரர் பிரிவில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர்கள் பிரிவில். அந்தப் பிரிப்பு எனக்கு உறுத்துகிறது. 45 ஆட்டங்களை வைத்துப் பார்த்தால் நியாயம்தான் என்பதும் தெரிகிறது. 2022 ஜனவரி 18 அன்று போஸ்டன் அவருடைய 22-ஆம் சட்டை எண்ணை, இனி வேறு யாருக்கும் தராமல் கௌரவிக்க, அரங்கின் கூரைக்கு உயர்த்தியபோது, பெருந்தொற்றின் காரணமாக அவர் வீட்டிலிருந்தபடியே திரையில்தான் பார்த்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே இன்றைக்கு வைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சலஸில் இடது விங் ஆட்டக்காரர்கள் அதிகமாக இருந்ததால், பயிற்சியாளர் ஆல்ஃப் பைக் அவரை வலது விங்குக்கு மாற்றினார். இடக்கை ஆட்டக்காரரான ஓ’ரீக்கு அது பழக்கமில்லாத பக்கம். ஆனால் வலது விங்கில் பலகைச் சுவர் பார்வையற்ற கண்ணின் பக்கம் போய்விட்டது. தளம் முழுவதும், வருகிற பக் உட்பட, நல்ல கண்ணுக்கு எதிரே விரிந்தது. கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவை போயிற்று. 1964-65-ல் 38 கோல்கள், 1968-69-ல் மறுபடியும் 38. நான்கு பருவங்களில் முப்பதோ அதற்கு மேலோ. போஸ்டனில் யாராவது ஒருவர் இந்தப் பக்கமாற்றத்தைச் செய்து பார்த்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்க, அவர் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாலையில் மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டேன். இம்முறை மகளை இடப்பக்கம் பின்னால் நிற்கச் சொன்னேன்.

“அந்தக் கோச்சுக்கு அவரோட கண்ணு தெரியாதுன்னு தெரியுமாப்பா?”

“தெரியாது. ஆள் கணக்கு சரிவரலை, அதனாலதான் மாத்தினார்.”

அவள் கொஞ்ச நேரம் பந்தை உருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு வீசினாள். பத்தில் ஏழு.