நடுத்தாள்

ஏப்ரல் 16
நேற்றிலிருந்து தடைக்காலம். 61 நாள். பாம்பனில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கு. தம்பி, சித்தப்பா மகன், ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றான். "அக்கா, எனக்கும் வேலையில்ல. நம்ம பத்திரிகை செதிலோட ரெண்டாவது இதழைப் போட்டுருவோம்." போடத்தான் வேணும்.

ஏப்ரல் 18
நாலு ஏ4 தாள், நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். போன தடவை 5-ம் பக்கத்தையும் 12-ஐயும் மாத்தி ஒட்டி, அறுபது பிரதியும் அப்படியே போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு இன்னும் உறுத்துது. இந்த முறை வெறுந்தாளை மடித்து எண் போட்டுப் பார்த்தேன். 16, 1. பின்பக்கம் 2, 15. கடைசித் தாள் 10, 7. அதன் பின்பக்கம் 8, 9.
ராத்திரி தூக்கத்தில்கூட இந்த எண்கள்தான்.

ஏப்ரல் 19
சித்தப்பா பத்தி இலங்கையிலிருந்து சேதி இல்ல.

ஏப்ரல் 23
கீழக்கரைக்காரி அட்டைப்படம் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கா. வாளை மீன் தலை, வாய் நிறையப் பல். கறுப்பு மார்க்கரில் ஒரே மூச்சில் போட்டது, ஒரு கோடுகூட அழிக்கல. ஜெராக்ஸில் சாம்பல் நிறம் செத்துப்போகும்னு சொன்னதிலிருந்து அவ பென்சிலைத் தொடுறதே இல்ல.
பார்த்ததும் கண் கலங்கிருச்சு. இந்த ஊர்ல நாங்க மூணே பேர்தான் பங்க்ங்கிற முரட்டு ராக் பாட்டு கேட்கிறோம்னு நினைச்சா தனியா இருக்கும். அவ படம் வந்தா அப்படி இல்ல.

ஏப்ரல் 24
தம்பியோட சண்டை. 4-ம் பக்கத்தில் கிதார்ல விரல் வைக்கிற மூணு கார்டு படம் போடணும்னான். ஏ, ஈ, ஜி வரைஞ்சு, இது போதும், இனி ஒரு பாட்டுக் குழு ஆரம்பின்னு சொல்ற அந்தப் படம். அது ஸ்னிஃபின் க்ளூங்கிற பழைய லண்டன் பங்க் பத்திரிகையில் வந்ததுன்னு எழுதிக் கொண்டுவந்தான். இல்லடா, அது சைட்பர்ன்ஸ்ங்கிற வேற பத்திரிகை, 1977 ஜனவரி. எல்லாரும் அப்படித்தான் தப்பா சொல்றாங்க. "யாருக்குக்கா தெரியப்போகுது" என்கிறான். எனக்குத் தெரியும்ல! ஒரு ரூபாய்க்கு ஒரு பக்கம் அடிக்கிற தாள்னா அதில் பொய் இருக்கலாமா?
ஸ்னிஃபின் க்ளூ பத்தி நானே அரைப் பக்கம் எழுதித் தாரேன். மார்க் பெர்ரி லண்டன்ல ஒரு பேங்க்ல குமாஸ்தா. 1976 ஜூலையில் கேட்ட பாட்டு நெஞ்சை அறுத்ததால, ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தானே ஒரு பத்திரிகை எழுதினான். யார்கிட்டயும் அனுமதி கேட்கல. அடுத்த வருஷம் பன்னிரண்டாவது இதழோட நிறுத்திட்டு, நீங்களே ஆளுக்கு ஒண்ணு ஆரம்பிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நானும் பகல் முழுக்க ஆதார் அட்டையும் பட்டாவும் நகல் எடுக்கிறவதான். அவனை எனக்கு நேர்ல தெரிஞ்ச மாதிரி இருக்கு.

ஏப்ரல் 30
புதுப் பாலத்துல ரயில் போற சத்தம் கேட்டுப் படுத்திருந்தேன். தம்பி தாளம் கத்துக்கிட்டது பழைய பாலத்துலதான். 1914-ல கட்டினது. அதுமேல ரயில் ஊர்ந்து வரும்போது இரும்பு ஒவ்வொரு கண்ணா அதிரும். வீட்டுல ஐஸ் பெட்டியைக் கவுத்து வச்சு அவன் அதையே அடிப்பான். 2022 டிசம்பரோட அந்தச் சத்தம் நின்னுச்சு. அவன் கையில மட்டும் இருக்கு.

மே 4
பின் பிரச்சினை. முதல் இதழில் அடிச்ச ஸ்டேப்லர் பின்னெல்லாம் உப்புக்காத்துல துருப்பிடிச்சு, நடுமடிப்புல பழுப்புக் கறை. சில பிரதியில தாள் அரிச்சே போச்சு.

மே 5
வலை மாமாகிட்ட காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துட்டு, "தச்சுரு தாயி" என்றார். மூணு துளை. உள்ளேயிருந்து நடுத்துளை வழியா வெளியே, மேல்துளையில உள்ளே, கீழ்த்துளையில வெளியே, திரும்ப நடுவில உள்ளே, ஒரு முடிச்சு. வலைநூல். இழுத்துப் பார்த்தேன், அசையல. உப்பு ஒண்ணும் பண்ணாதுன்னார்.
ஆனா நாலு தாளும் சேர்ந்தாத்தான் தைக்க முடியும்.

மே 11
மூணு தாள் அடிச்சாச்சு. அறுபது பிரதி, 360 ரூபாய். நடுத்தாள் மட்டும் பாக்கி.

மே 12
8, 9 தம்பியோட பாட்டு. சித்தப்பாவைப் பத்தினது. நாலு நாளா இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள. அச்சுல வந்து, அது யார் கைக்காவது போய், அங்க அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? அறுபது தாள்தான், யார் பார்க்கப்போறான்னு ஒரு மனசு. அறுபதுல ஒண்ணு போதும்னு இன்னொரு மனசு. பெயரை எடுத்துட்டா? பெயரே அதுல இல்ல, "அப்பா"ன்னு மட்டும்தான். படகு எண்ணை எடுக்கச் சொல்லலாம். எடுத்தா அது யாரோட பாட்டு? இதைக் கத்தத்தானே அவன் பாடவே ஆரம்பிச்சான். பயந்துக்கிட்டுப் போடுற பக்கத்துக்கு வலைநூல் எதுக்கு? ஆனா பயப்பட வேண்டியவ நான் இல்ல, சித்தி. அவகிட்டயே கேட்கணும். கேட்க வாய் வரல.

மே 13
கேட்கல.

மே 20
வழக்கு திரும்பவும் தள்ளிப்போச்சு. சித்தி சாப்பிடல.

மே 29
கேட்டேன். பாட்டை வாசிச்சுக் காட்டச் சொன்னா. கடல்பாசி எடுத்து வெடிச்சுப்போன விரலை மடியில வச்சுக்கிட்டு முழுசும் கேட்டா. அழுவான்னு நினைச்சேன்.
"கச்சான் காத்துன்னு எழுதியிருக்கான். தை மாசத்துல ஏது கச்சான்? அன்னைக்கு வாடை. வாடையிலதான் படகு ஒதுங்குச்சு. மாத்தச் சொல்லு. அவரு வந்து படிச்சா என்ன நினைப்பாரு?"
போடாதேன்னு சொல்லவே இல்ல.

மே 30
தம்பிகிட்ட சொன்னேன். "வாடை"ன்னா மெட்டுல நிக்கலக்கா என்றான். கச்சான்னு கத்தினாத்தான் தொண்டை திறக்குதாம். நிக்க வைடா.

ஜூன் 7
முதல் பாதி மாத்திட்டான். நல்லாருக்கு. முன்னைவிட முரட்டுத்தனமா இருக்கு.

ஜூன் 13
கரை முழுக்க ஐஸ், டீசல், சத்தம். தம்பிக்கு ஒரு படகுல இடம் கிடைச்சிருக்கு. வீட்டுக்கடன். போகாதேன்னு சொல்ல நான் யாரு.

ஜூன் 15
போயிட்டான். கிளம்புறப்ப தாளை என் கையில திணிச்சான். பின்பாதியில இன்னும் கச்சான்தான் இருக்கு. "வந்து எழுதுறேங்க்கா, நீ எதையும் தொடாதே."

ஜூன் 16
விடியக்காலைல பாதிப் படகு வந்துருச்சு. அவன் போனது வரல. மூணு தாளையும் அறுபது அடுக்கா மடிச்சு வச்சிருக்கேன். சித்தி கடையில வந்து உட்கார்ந்திருக்கா, ஊசியில நூல் கோத்துக்கிட்டு